வியாழக்கிழமை வைத்த உப்பு

பிள்ளையாரை நம்பியிருக்கும் அன்பர்களுக்குச் சுடலைமுத்து எழுதிக்கொள்வது.

யுவ வருஷம் ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், எங்கள் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுச் சுவரை ஒரு யானை தள்ளிச் சாய்த்தது. அது என் வீடு. என் மனைவி மாடத்தி வேலைக்குப் போகுமுன் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பலகை அவள் மேல் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. நான் காட்டோரத்தில் ரப்பர் நாற்று வளர்க்கும் தவறணையில் காவலில் இருந்தேன். கூச்சல் கேட்டு ஓடி வந்தபோது யானை போய்விட்டிருந்தது. சோற்றுப் பானை அடுப்பில் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த உப்புச் சாடி மட்டும் உடைந்து, துடைத்து எடுத்தது போல் காலியாகக் கிடந்தது.

எல்லாரும் மாடத்தியைச் சுற்றி நின்றார்கள். நான் அந்தச் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யானை எதற்காக வந்தது என்று அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானமே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஜொகூர் பாருவுக்கு ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை துப்பாக்கிக்காரர்கள் வந்து அந்த யானையைச் சுடுவார்கள் என்று கங்காணி வந்து சொன்னார். பிள்ளையாரைக் கும்பிடுகிறவன் நான். என்னால் ஒரு யானை சாகப் போகிறது. நான் வாயைத் திறந்தால் ஒருவேளை பிழைக்கும். எனக்கோ வாய் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரர்கள் வீட்டில் பிறந்தவன். ஐந்தாவது வரை படித்தேன். இருபது வயதில் கப்பலேறி, கோத்தா திங்கிக்கு மேலே ஆற்றங்கரையிலுள்ள இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச வராது. கடைக்குப் போனால் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும் வரை ஓரமாக நிற்பேன். எங்கள் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மாடத்திதான் பேசுவாள்.

அந்த வருஷம் ஆரம்பத்தில், ஆற்றில் கிடைத்த ஒரு கல் எனக்குப் பிள்ளையாராகவே தெரிந்தது. அதைத் தவறணைக்கு அப்பால் ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு வாழைப்பழம் படைப்பேன். எங்கள் உப்பளத்தில் பாத்தியிலிருந்து எடுக்கும் முதல் உப்பைப் பிள்ளையார் முன்னால் ஒரு பிடி வைப்பது வழக்கம். அந்த நினைப்பில் சித்திரை மாதத்தில் ஒரு வாரம் வியாழன் மாலையே பழத்தோடு ஒரு பிடி உப்பும் வைத்தேன். மறுநாள் காலை பழமும் இல்லை, உப்பும் இல்லை. கல்லுக்கு முன்னால் மண் பறிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் பெரிய பெரிய காலடி. நான் தரையில் விழுந்து அழுதேன். சுவாமியே வந்து எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன்.

இதை மாடத்தியிடம் சொன்னேன். அவள் லயம் முழுவதும் சொன்னாள். ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பழம், கரும்பு, தேங்காய், நேர்ந்துகொண்ட மஞ்சள் கயிறு என்று வந்து குவிந்தது. என்னைச் சூடம் காட்டச் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷமாக என்னை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் "பூசாரி அண்ணே" என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பழம் மட்டும் வைத்த வாரங்களில் யானை வராமலும் இருந்தது. உப்பு வைத்தால் தப்பாமல் வந்தது. இதைக் கண்டுகொண்டேன். அதன் பிறகு வியாழன் மாலை தோறும் யாரும் பார்க்காதபோது வீட்டுச் சாடியிலிருந்து உப்பை எடுத்துப் போய்க் கல்லுக்கு முன்னால் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிடுவேன். வெள்ளிக்கிழமை ஜனங்கள் காலடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முதலில் வைத்த ஒரு பிடி பக்தி. பிறகு கொட்டியதெல்லாம் பூசாரி என்ற பேருக்காக.

இந்தச் சமயத்தில்தான் நடராஜன் ஐயா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். சிங்கப்பூரில் பிறந்த தமிழர். சீமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். காட்டு மிருகங்களையும் ஆற்று மீன்களையும் அழியாமல் காத்து, அளவாக எடுத்துப் பிழைப்பது எப்படி என்பதுதான் அவர் படிப்பு. ஒரு வருஷம் இங்கே தங்கிப் பார்த்ததையெல்லாம் புத்தகமாக எழுதிக் கொடுத்தால் அங்கே பட்டம் தருவார்களாம். எழுதத் தெரிந்த, அதிகம் பேசாத ஆள் ஒருவர் வேண்டும் என்று துரையிடம் கேட்டிருக்கிறார். மிருகமும் மீனும் சத்தத்துக்கு ஓடிவிடுமே. கங்காணி யோசிக்கவே இல்லையாம்.

"அப்படின்னா நம்ம சுடலமுத்துதாங்க. அவன் பேசி நானே கேட்டதில்ல."

இப்படி, தவறணைக் காவலோடு நான் அவருக்கு உதவியாளாகவும் போனேன். காலையில் ஆற்றில் வலை போடுவோம். ஒவ்வொரு மீனையும் அளந்து, நிறுத்து, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த மாதத்தில் எந்த மீன் முட்டையோடு இருக்கிறதோ அந்த மாதத்தில் அதைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு நாள் சட்டம் வரும் என்பார். சிறு மீன்களைத் திரும்ப ஆற்றிலேயே விடுவார். கரையில் நிற்பவர்களுக்கு அதைப் பார்த்து வயிறெரியும். மாலையில் யானை போன வழியில் போவோம். முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளப்பார். அந்த அளவைப் போல் இரண்டு பங்குதான் யானையின் உயரம் என்பார். யானைச் சாணத்தை, அதாவது லத்தியை, குச்சியால் கிளறி என்ன தின்றிருக்கிறது என்று எழுதச் சொல்வார். அதனால் லயத்தில் அவருக்கு 'லத்தி ஐயா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் தடங்களை அளந்துவிட்டு, இது பெண் யானை, கூடவே பால் குடிக்கும் குட்டியும் இருக்கிறது என்றார். இதைக் கேட்டு லயத்தில் பெரிய சண்டையே வந்தது. வெள்ளையம்மா என்ற கிழவியின் மகளுக்கு, ஏழு வருஷம் கழித்து, அந்தக் கல்லுக்கு நேர்ந்த பிறகுதான் பிள்ளை உண்டாகியிருந்தது. கிழவி நேரே ஐயாவிடம் போய்க் கேட்டாள்.

"ஏன் தம்பி, அவ்வளவு தூரம் கப்பலேறிப் படிச்சிட்டு வந்து பிள்ளையாரப் பொம்பளைங்கிறியே?"

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். யானை அடிக்கடி வந்ததால் தவறணையில் நாற்றுகள் மிதிபட்டன. புரட்டாசியில் துரை கோபப்பட்டு, இனி யாரும் அங்கே பழம் படைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். எல்லாரும் நிறுத்தினார்கள். நான் மட்டும் உப்பை நிறுத்தவில்லை. அதனால் யானையும் நிற்கவில்லை. உத்தரவை மீறிச் சுவாமி வருகிறார் என்று ஜனங்கள் இன்னும் உருகினார்கள்.

ஒரு நாள் ஐயா லத்தியைக் கிளறியபோது உள்ளே ஒரு மஞ்சள் கயிறு வந்தது. யாரோ பழத்தில் கட்டியிருந்த நேர்த்திக் கயிறு. எத்தனையோ நாளாகக் காட்டில் கிடந்த லத்தி அது. யாரோ ஒரு தாயின் வேண்டுதல் அதில் கிடந்தது. நான் செய்வது பாவமென்று அந்த வாரம் பயந்து போய் உப்பு வைக்கவில்லை. முதல் தடவையாக வைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் அது உப்பைத் தேடிக்கொண்டு என் வீட்டுச் சுவருக்கு வந்தது.

இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

சனிக்கிழமை காலை ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லுக்குப் போனார். யானை ஏன் வருகிறது, வராமல் செய்ய முடியுமா என்று அவர் எழுதிக் கொடுத்தால் சுடுவதைத் தள்ளிவைப்பதாகத் துரை சொல்லியிருந்தார். கல்லுக்கு முன்னால் இடுப்பளவு பள்ளம். ஐயா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இது உப்பு மண்ணுண்ணே. காட்டுல இப்படி அங்கங்க இயற்கையா இருக்கும். பால் குடுக்கிற யானைக்கு உப்பு ரொம்ப வேணும். இது இங்க இருக்கிற வரைக்கும் அது வரத்தான் செய்யும். அப்படித்தான் நான் எழுதணும். எழுதினா சுட்டுருவாங்க."

நோட்டைத் திறந்துகொண்டே, "ஆனா ஏன் வெள்ளிக்கிழமை? யானைக்குக் கிழமை தெரியுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அளவுக் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு புரண்டது. அவர் நோட்டில் 'இயற்கை உப்பு மண்' என்று எழுதினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை தவறணைக்குப் போய் நாற்றுப் பாத்திகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கல்லுக்கு முன்னால் போக எனக்கு முகம் இல்லை. முதலில், அந்த யானை தானாகவே காட்டுக்குள் தூரமாகப் போய்விட வேண்டும் என்று கேட்டேன். பிறகு, ஐயாவே உண்மையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கேட்டேன். இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கம் வந்தது. என் வேலையைச் செய்ய யானையையும் ஐயாவையும் ஏவச் சொல்கிறேன். கடைசியில் இப்படிக் கேட்டேன்: "அப்பனே, உன் பேரைச் சொல்லிப் பெருமை தேடிக்கொண்டேன். அந்தப் பெருமையை எடுத்துக்கொள். எனக்கு ஒரு வாய் கொடு. ஒரு தடவை பேசினால் போதும்."

வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பயமும் குறையவில்லை. வீட்டுக்குப் போய் மாடத்தியின் பக்கத்தில் படுத்தேன். வலியில் அவள் முனகிக்கொண்டிருந்தாள். அவளிடம்கூட அன்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து ஜனங்கள் எல்லாரும் கல்லுக்கு முன்னால் கூடினார்கள். யானை உயிர் தப்ப வேண்டும் என்று பொங்கல் வைத்தார்கள். மாடத்தியும் முறிந்த தோளில் கட்டோடு வந்திருந்தாள். ஐயா ஓரமாக நின்றார். சூடத்தட்டை என் கையில் கொடுத்தார்கள். கொளுத்தியாகிவிட்டது. நான் தட்டைச் சுற்றவில்லை. "காட்டுடா" என்றார் கங்காணி. தட்டு சாய்ந்து, சூடம் சரிந்து மண்ணில் விழுந்து எரிந்தது. அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் வச்சேன்" என்றேன்.

அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எதை வைத்தாய் என்று கங்காணி கேட்டார்.

"உப்பு. வியாழக்கிழமை வியாழக்கிழமை சாயங்காலம் இங்க கொட்டுவேன். சித்திரையிலேருந்து. நீங்க பழத்த நிறுத்தின பெறகும் கொட்டினேன். போன வாரம் கொட்டல. அதான் என் வீட்டுக்கு வந்துச்சு. நீங்க எல்லாம் என்ன மதிச்சீங்க. அதுக்காகச் செஞ்சேன்."

கங்காணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் விலகவில்லை. அப்போது மாடத்தி குரல் கொடுத்தாள்.

"அதான் சாடி சாடியா உப்புத் தீந்துச்சா? பாவிமனுசா, பக்கத்து வீட்டுச் செல்லாயிதான் எடுக்கிறான்னு நாலு மாசமா நான் அவகிட்டப் பேசுறதில்ல."

"அதுக்குத்தான் மூஞ்சத் திருப்பிட்டுப் போனியாக்கும்" என்றாள் கூட்டத்திலிருந்த செல்லாயி.

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். கங்காணியின் கை இறங்கிவிட்டது. ஆனால் வெள்ளையம்மா சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்ப எம் மவளுக்கு ஏழு வருசம் கழிச்சு வயித்துல தங்குச்சே, அதையும் நீதான் உப்பு வச்சுக் குடுத்தியா?"

இதற்கு என்ன சொல்ல என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் வார்த்தை வந்தது.

"இல்ல ஆத்தா. அது சாமி குடுத்தது. யானையக் கூட்டிட்டு வந்தது மட்டுந்தான் நான்."

அவள் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

நடராஜன் ஐயா முன்னால் வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, எவ்வளவு உப்பு, எத்தனை வாரம், எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நோட்டில் முந்தின நாள் எழுதியதை அடித்தார். "இத நீங்க சொல்லலைன்னா என் படிப்பே பொய்யாப் போயிருக்கும்ணே" என்று என் காதோடு சொன்னார். நான் செய்தது தப்பு என்றோ, பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை.

உடனே துரை பங்களாவுக்குப் போனோம். அங்கேயும் நான் திரும்பச் சொன்னேன். ஐயா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மனிதன் கொட்டிய உப்பு என்பதால் அதை வெட்டி எடுத்துவிடலாம், காட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டால் யானை அந்தப் பக்கம் போய்விடும் என்றார். துரை இரண்டு வாரம் தவணை கொடுத்தார். என்னைத் தவறணைக் காவலிலிருந்து நீக்கிப் புல் வெட்டும் வேலையில் போடச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானமே மண்வெட்டியோடு போனேன். தனியாக வெட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் கூடையோடு நிற்கிறார்கள். கங்காணியும் நின்றார். சுவாமிக்குப் படைத்த உப்பு, மிதிபடக் கூடாது என்றார்கள் பெண்கள். இருட்டும் வரை வெட்டினோம். மறுநாளும் வெட்டினோம். மண்ணைச் சம்பான் படகுகளில் ஏற்றி, ஆற்றில் மேலே தள்ளிக்கொண்டு போய், மனிதர் குடியில்லாத ஓடைக்கரையில் ஐயா காட்டிய இடத்தில் கொட்டினோம். பிள்ளையார் கல்லை நானே தோளில் தூக்கி வந்து லயத்துக் கோயிலில் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போது ஐயாவும் நானும் தவறணைக் காவல் பரணில் இருந்தோம். அது வந்தது. அத்தனை மாதமும் காலடியை மட்டும் பார்த்தவன், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது. காலுக்கிடையில் குட்டி. வெறும் பள்ளத்தில் துதிக்கையை விட்டுத் துழாவியது. அங்கேயும் இங்கேயும் தேடியது. லயத்துப் பக்கம் திரும்பி நின்றபோது எனக்கு உயிர் இல்லை. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். அது நின்ற இடத்திலேயே குட்டி பால் குடித்தது. குடித்து முடித்ததும் இரண்டும் வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டன.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. மறுநாள் நாங்கள் சம்பானில் மேலே போய்ப் பார்த்தோம். ஓடைக்கரை மண் பறிக்கப்பட்டிருந்தது. ஐயா கயிறு வைத்து அளந்தார். அதே அளவு. பக்கத்திலேயே சின்னத் தடம். நான் அங்கேயே முழங்காலில் விழுந்து பெருமானுக்கு நன்றி சொன்னேன். யானையைச் சுடும் உத்தரவு ரத்தானது. மாடத்தியின் தோளும் மெல்லக் கூடியது. செல்லாயிதான் அத்தனை நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டாள்.

சிலர் என்னிடம் கேட்டார்கள், அப்படியானால் உன் பிள்ளையார் வரவே இல்லைதானே என்று. எனக்கு விவாதம் செய்யத் தெரியாது. நாற்பத்தைந்து வயது வரை கடையில் உப்பு வேண்டும் என்று கேட்கக் கூசியவன், அத்தனை பேர் முன்னால் என் குற்றத்தை நானே சொன்னேன். அது என் பலத்தால் நடக்கவில்லை. அன்று அவர் வந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

புல் வெட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் ஐயாவோடு அவர் புறப்படும் வரை இருந்தேன். மீன்களின் பெயர்களை எழுதக் கற்றேன். தடத்தைப் பார்த்து வயது சொல்லக் கற்றேன். அவர் சீமைக்குப் போன பிறகு ஒரு கடிதம் வந்தது. அங்கே பரீட்சையில் பெரியவர்கள், அந்த உப்பு மண் இயற்கை இல்லையென்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். ஒரு மனிதர் தமக்கு வரும் அவமானத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார் என்று ஐயா பதில் சொன்னாராம். பட்டம் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு நானும் மாடத்தியும் கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

ஐயா எழுதிய சிபாரிசில் இப்போது எனக்கு ஆற்றையும் காட்டையும் பார்க்கும் காவலாள் வேலை கிடைத்திருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய், மீனை மயக்கும் தூபா வேரை நசுக்கி ஆற்றில் போட்டு மீன் பிடிக்காதீர்கள், முட்டை மீனை விட்டுவிடுங்கள், யானை போகும் வழியில் எதையும் படைக்காதீர்கள் என்று ஜனங்களிடம் சொல்ல வேண்டும். பேசவே தெரியாதவனுக்குப் பேசுகிற வேலை. ஒவ்வொரு இடத்திலும் பயமாகத்தான் இருக்கிறது. முன்பு நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்பர்களே, உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத ஒன்று தொண்டையில் நிற்கலாம். அதைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பயமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. அவரிடம் கேளுங்கள். உங்கள் வேலையை அவர் செய்ய வேண்டும் என்று கேட்காதீர்கள். நீங்கள் செய்வதற்குப் பலம் கேளுங்கள்.

நாளைக் காலை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புதிய தோட்டத்தில் பேச வேண்டும். எனக்கு யாரையும் தெரியாது. மாடத்தியும் கூட வரவில்லை. கேட்டிருக்கிறேன். கொடுப்பார்.